ஹைட்ரோவுக்குப் போகாத கறுப்பு

சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்களின் காலைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. விரலிடுக்கில் பச்சை இருக்கும். நகத்துக்குள் நீலம் இருக்கும். குதிகால் வெடிப்பில் போன மாதம் ஓடிய கறுப்பு இன்னும் இருக்கும். முதலாளி ரப்பர் பூட்ஸ் வாங்கித் தந்திருக்கிறார். கொதிக்கும் சாயத் தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கினால் கழற்றுவதற்குள் கால் வெந்துவிடும். வெறுங்கால் என்றால் துள்ளி ஒதுங்கிவிடலாம். அதனால் பூட்ஸெல்லாம் சுவரோரம் புத்தம் புதிதாக நிற்கின்றன.

வாரக் கடைசி வேலை முடிந்ததும் எல்லோரும் வடிகால் ஓரம் உட்கார்ந்து காலை வெளுப்பார்கள். ஷேடு கெட்டுப்போன துணியிலிருந்து சாயத்தை உரித்தெடுக்க ஹைட்ரோ என்று ஒரு வெள்ளைப் பொடி உண்டு. தீக்குச்சி கருகின நாற்றம் அடிக்கும். துணிக்குப் போட்டது போக மிச்சத்தை வாளியில் கரைத்து, பழைய துணியைத் தோய்த்துத் தேய்த்தால் காலில் இருக்கிற நிறமெல்லாம் மஞ்சளாகி, வெளிறி, போய்விடும். தோலும் கொஞ்சம் போகும். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் ஷேடக்காவின் இடது குதிகாலில் ஒரு கறுப்பு மட்டும் போகாமல் நின்றது. மிளகு அளவு. சரியாக வட்டமில்லை.

"இன்னொரு தடவை தேய்ங்கக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மூணு தடவை தேய்ச்சாச்சு."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "அது நல்ல சாயம். அக்கா காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. துணியில இப்படிப் பிடிச்சா நமக்கு ஒரு லாட்டாவது திரும்பி வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவளை ஷேடக்கா என்று கூப்பிடுவதற்குக் காரணம் இருந்தது. வடக்குப் பார்த்த ஜன்னலடியில் இருக்கிற, ஷேடு சரிபார்க்கிற மேஜை அவளுடையது. ஒரே சாயத்தில் முக்கி எடுத்த ஒவ்வொரு லாட்டுத் துணியிலிருந்தும் கையகலத் துண்டு வெட்டி அவள் முன்னால் வைப்பார்கள். கறுப்பு என்றால் மற்றவர்களுக்குக் கறுப்பு. அவளுக்கு அது சிவப்புத் தட்டின கறுப்பு, பச்சை தட்டின கறுப்பு, நீலம் தட்டின கறுப்பு. அவள் சரி என்று தலையாட்டாமல் லாட்டு வெளியே போகாது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கு அவள் காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீலம் தட்டுது. சல்பர் கறுப்புதான். வெடிப்புக்குள்ள இறங்கியிருக்கு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்?

*

ஷேடக்காவின் வீடு பட்டறையின் பின்பக்கம். இரண்டு அறை, மேலே தகரம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். மழைக்காலத்தில் அந்தச் சுவரில்தான் தெருக்காரர்கள் எல்லோரும் துணி காயப்போட வருவார்கள். வெயில்காலத்தில் அதில் முதுகு சாய்க்க முடியாது. அவள் வீட்டுக்காரர் அந்தப் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதனடியில் நிற்கிறார். காது மந்தம்.

"எங்கண்ணனுக்குக் காது கேக்காதுன்னு யார் சொன்னது?" என்பாள் அவர் தங்கை. "அடுப்படியில முட்டை உடைக்கிற சத்தம் கேக்கும். 'அரிசி தீந்துபோச்சு'ன்னா மட்டும் கேக்காது."

தங்கை புருஷனை விட்டு வந்து அவர்களோடுதான் இருந்தாள். பட்டறையிலேயே துணி மடிக்கிற வேலை. அண்ணிக்கும் அவளுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சண்டை வரும். சண்டை வராத நாளில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் கிடையாது. அதைப் பற்றி அந்த வீட்டில் பேசி முடித்து ரொம்ப நாளாயிற்று.

மிளகு அளவு இருந்தது பட்டாணி அளவானது. நிற்கும்போது உறுத்தியது. வீட்டுக்காரர்தான் யோசனை சொன்னார்.

"தண்ணி கலக்காம வைப்போம். அப்பதான் இறங்கும்."

"காலு வெந்துடும்ணா" என்றாள் தங்கை.

"துணி வேகுதா?"

"துணிக்கு உசிரு இருக்கா?"

அவர் ஹைட்ரோவைக் குழைத்துக் குதிகாலில் அப்பி, மேலே பாலிதீன் சுற்றிக் கட்டினார். ஷேடக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவிழ்த்தபோது குதிகால் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. நடுவில் கறுப்பு அப்படியே இருந்தது. இரண்டு நாளில் அந்த இடம் புண்ணாகித் தண்ணீர் வடிய ஆரம்பித்தது.

மருத்துவமனையில் கட்டுக்கட்டுகிற அறையில் கேட்டார்கள், எப்படி ஆச்சு என்று. அவள் உள்ளதைச் சொன்னாள். ஹைட்ரோ பட்டது. நர்ஸும் சின்ன டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரசாயனப் புண்ணு. தினமும் வந்து கட்டு மாத்திக்கங்க. தண்ணி படக்கூடாது."

சாயப்பட்டறையில் தண்ணீர் படாமல் ஒரு காலை எங்கே வைப்பது? பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கோடை போனது. மழை வந்தது. கட்டு மாற்றினார்கள், களிம்பு மாற்றினார்கள், மாத்திரை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் புது டாக்டர். ஒவ்வொரு தடவையும் 'ஹைட்ரோ பட்ட புண்' என்று நர்ஸே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அதற்கு மேல் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அவளும் பார்க்கவில்லை. குதிகாலை அவரவரே பார்த்துக்கொள்வது லேசில்லை.

ஒருநாள் கட்டு அவிழ்ந்துவிட்டது. மேஜையடியில் உட்கார்ந்து, முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து, காலை அதன்மேல் தூக்கிப் பிடித்தாள். வடக்கு ஜன்னல் வெளிச்சம். புண்ணின் நடுவில் சதை வளர்ந்திருந்தது. ஓரத்தில் கறுப்பு பழுப்பாகி, தோலுக்குள்ளேயே கசிந்து போயிருந்தது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. சரியாகப் பிடிக்காத சாயம் ஈரத் துணியில் ஓடுகிற மாதிரி. ஆனால் சாயம் ஓடினால் வெளிறும். இது வெளிறவில்லை. போகிற இடத்திலெல்லாம் புதிதாகக் கறுத்துக்கொண்டு போனது.

"ஏய், இங்க வா" என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். "இது சாயமில்ல."

"நீங்கதானே அண்ணி சல்பர்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைப் பட்டறையில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

*

"ஒரு துண்டு வெட்டி அனுப்புங்க டாக்டர்" என்றாள் அடுத்த நாள்.

"எதை?"

"இதைத்தான். வெட்டிப் பாருங்க."

அன்றைக்கு இருந்த சின்ன டாக்டருக்கு மீசைகூடச் சரியாக வளரவில்லை. "ஏற்கெனவே ஆறாத புண்ணும்மா. அதுல கத்தி வச்சா இன்னும் பெருசாகும்."

"ஆறாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப ஏன் ஆறலைன்னு பார்க்க வேண்டாமா? நாங்க ஒரு துண்டு வெட்டிப் பார்க்காம ஒரு லாட்டைக்கூட வெளிய விடமாட்டோம்."

"இது துணி இல்லம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். ஷேடக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கட்டு அவிழ்த்த காலை முக்காலியிலிருந்து இறக்கவுமில்லை. நாத்தனார் வாசலில் நின்று உள்ளே வந்தவனிடம், "கொஞ்சம் பொறுங்க, உள்ள ஒரு லாட்டு நின்னுபோச்சு" என்றாள். கடைசியில் சின்ன டாக்டர் எரிச்சலோடு யாருக்கோ போன் செய்தார். ஊசி போட்டு, ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, மூடி போட்ட சின்ன டப்பாவில் போட்டார்கள்.

மெலனோமா என்று வந்தது. கேன்சர்தான், தோலில் நிறம் உண்டாகிற இடத்திலிருந்து கிளம்புகிறது என்றார்கள்.

"நிறத்துலேர்ந்தா?" என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

குதிகாலில் பாதியை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வீட்டுக்காரர் மருத்துவமனைக்கு வந்ததே அந்த ஒரு தடவைதான். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"எல்லாம் எடுத்தாச்சாம்."

"அவ்வளவு நேரமா அதையா சொன்னார்?"

"எனக்குக் காது சரியா கேக்கல. எல்லாம் எடுத்தாச்சுன்னுதான் சொன்னார்."

*

குதிகாலில் ஒட்டின தோல் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே மேஜைக்குப் போனாள். மேஸ்திரி அவளுக்காக உயரமான ஸ்டூல் ஒன்று அடித்துப் போட்டிருந்தார். கால் வெளுக்கிற பழக்கம் மட்டும் பட்டறையில் நின்றுபோனது. வாரக் கடைசியில் எல்லோரும் நிறம் நிறமான காலோடு வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொருத்தியும் அவளிடம் வந்து காலைத் தூக்கிக் காட்டினாள். "இது என்னக்கா? இது?"

"எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்டக் காட்டு" என்றாள் எல்லோரிடமும்.

குளிக்கும்போதுதான் இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பது கையில் பட்டது. பாக்கு மாதிரி. வலி இல்லை. வலி இல்லாததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"புண்ணு இருந்தா நெறி கட்டும்" என்றார் வீட்டுக்காரர், கஞ்சியைக் குடித்தபடி.

"புண்ணுதான் ஆறிடுச்சே."

"ஆறின புண்ணுக்கும் கட்டும்."

"எந்த டாக்டர் சொன்னார்?"

அவர் காதைத் தொட்டுக்காட்டிவிட்டுப் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார்.

மருத்துவமனையிலும் நேரான பதில் வரவில்லை. மறு பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் தொடையிடுக்கைக் காட்டுவாள். சின்ன டாக்டர்கள் அவள் ஃபைலைப் புரட்டுவார்கள், ஏதோ ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்துவார்கள், பிறகு முகத்தைப் பார்க்காமல் பேசுவார்கள்.

"பார்த்துக்கலாம்மா. அடுத்த தடவை வாங்க."

"அடுத்த தடவை என்ன பண்ணுவீங்க?"

"பார்ப்போம்."

"இப்பப் பாருங்களேன்."

"கூட வீட்டுக்காரர் வரலையா?"

"நெறி எனக்குத்தான் கட்டியிருக்கு."

இப்படியே போனது. பாக்கு எலுமிச்சை ஆனது. பக்கத்தில் இன்னொன்று வந்தது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "ஊசி குத்தி உறிஞ்சியாவது பாருங்க" என்று கேட்டுக் கேட்டு, அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பெயரே 'ஊசிம்மா' என்றாகிவிட்டது. வராந்தாவில் நர்ஸுகள் சொல்லிச் சிரிப்பது காதில் விழும். பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. ஊசியைத்தான் யாரும் குத்தவில்லை.

கடைசியில் ஒருநாள் பெரிய டாக்டரின் கார் நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் குடை பிடித்தாள். மழை சாய்ந்து அடித்தது. குடை யாரையும் காக்கவில்லை.

"அண்ணி, கார்க் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"எந்தப் பக்கம் திறந்தாலும் நம்மளத் தாண்டித்தான் போகணும்."

பெரிய டாக்டர் வந்தார். நனைந்துபோன இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். அன்றைக்கே ஊசி குத்தினார்கள். ஸ்கேனுக்கும் எழுதினார்கள்.

*

முடிவு கேட்கப் போகிற நாளில் வீட்டுக்காரர், பாய்லரை விட்டுவிட்டு வர முடியாது என்றுவிட்டார். அண்ணியும் நாத்தனாரும் போனார்கள். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் பின்னால் பார்த்தார்.

"கூட யார் வந்திருக்கா?"

"நான்தான் வந்திருக்கேன். சொல்லுங்க" என்றாள் ஷேடக்கா.

"உங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசறேன்."

"அவருக்குக் காது கேக்காது டாக்டர். எனக்கு நல்லாக் கேக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நெறியிலேயும் அதேதான். நுரையீரல்ல ரெண்டு மூணு இடம். கல்லீரல்ல ஒண்ணு."

நாத்தனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நெறி கட்டினப்பவே ஊசி குத்தியிருந்தா?" என்று கேட்டாள் ஷேடக்கா. "நான் கேட்டுக்கிட்டே இருந்தேனே."

பெரிய டாக்டர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "அதுக்கும் முன்னாடியே, குதிகால் ஆபரேஷன் அன்னிக்கே, தொடையிடுக்குல இருக்கற நெறியை எடுத்துப் பார்த்துடணும்னு சொன்னேன். கால் வீங்கும், நின்னு வேலை செய்யறது கஷ்டமாகலாம்னும் சொன்னேன். உங்க வீட்டுக்காரர்தான் இப்ப வேணாம்னுட்டார். உங்ககிட்டச் சொன்னா பயந்துடுவீங்க, சொல்லவேணாம்னு கேட்டுக்கிட்டார். ஃபைல்ல குடும்பத்துக்குச் சம்மதம் இல்லைன்னு இருக்கு. அதனாலதான் சின்ன டாக்டர் பசங்க கை வைக்கல."



"குடும்பம்னா நான் அதுல இல்லையா டாக்டர்?" என்றாள்.

அவர் ஃபைலை மூடித் தள்ளி வைத்தார்.

"அன்னிக்கே எடுத்திருந்தா பொழைச்சிருப்பேனா?"

"தெரியாது. வாய்ப்பு இருந்திருக்கலாம். எடுத்தும் இப்படி ஆனவங்க இருக்காங்க."

"இப்ப என்ன இருக்கு?"

"ஒரு மருந்து ஏத்தலாம். சில பேருக்குச் சுருங்குது. நிறைய பேருக்குக் கேக்கறதில்ல. உங்க மாதிரி உள்ளங்கால்ல வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் குறைவாத்தான் கேக்குது."

"கேக்கலைன்னா?"

"அடுத்த மழைக்காலம் பார்க்கறது கஷ்டம்."

"சரி. ஏத்துங்க. இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. நல்லதுன்னா வேணா அவர்கிட்டச் சொல்லிக்கங்க."

பஸ்ஸில் நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவன் எங்கண்ணனே இல்ல" என்றாள்.

"பின்ன யாரு? எனக்கு மட்டும் புருஷனா? பாதிப் பாதி எடுத்துக்கலாம், வா."

"உங்களால எப்படி அண்ணி பேச முடியுது?"

"பேசாம இருந்தாங்க, அதான் இங்க வந்து நிக்குது."

*

அவள் நேராகப் பாய்லரடிக்குப் போனாள். மத்தியான வேளை. இரண்டு வின்ச் தொட்டியில் கறுப்புச் சாயம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை முழுக்க ஆவி. வீட்டுக்காரர் விறகுக் கட்டையைத் தள்ளிவிட்டு அடுப்புக் கதவைச் சாத்தினார். அவளைப் பார்த்ததும் முகம் மாறிற்று. சைகையால் கேட்டார், சாப்பிட்டாயா என்று.

"டாக்டர் சொன்னார்" என்றாள்.

அவர் காதைத் தொட்டுக்காட்டினார்.

"அன்னிக்கு டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்னு சொல்லிட்டார்."

மறுபடியும் காதைத் தொட்டார். பாய்லர் இரைச்சலில் ஆவிக் குழாய் மயிரளவு கசிந்தாலும் கேட்கிற காது அது. அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் அவளுக்குத் தெரியும் என்று.

அந்த வீட்டில் கெட்ட சேதியெல்லாம் மெதுவாகத்தான் பேசுவார்கள். பிள்ளை தங்காதது, தங்கை திரும்பி வந்தது எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினவை. அவள் மூச்சை இழுத்துக் கத்தினாள்.

"நுரையீரல்ல இருக்கு! கல்லீரல்ல இருக்கு!"

மடிக்கிற மேஜையில் கைகள் நின்றன. மேஸ்திரி வின்ச்சிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா" என்றார் வீட்டுக்காரர். "எல்லாரும் கேக்கறாங்க."

"கேக்கட்டும். உங்களுக்குக் கேக்கணும். மருந்து கேக்கலைன்னா அடுத்த மழை வரைக்கும் இருக்கமாட்டேன். கேட்டுச்சா?"

அவர் தலையாட்டினார்.

"தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

"கேட்டுச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவர் கையில் இருந்த இரும்புக் கம்பியை அங்கே வைத்தார், இங்கே வைத்தார். "கால் வீங்கும்னார். நிக்க முடியாதுன்னார். நீ அந்த மேஜையில நிக்காம வீட்ல என்ன பண்ணுவே? எல்லாம் எடுத்தாச்சுன்னு வேற சொன்னார். எல்லாம் எடுத்தாச்சுங்கறது மட்டும் போதும்னு இருந்துச்சு எனக்கு."

"எனக்குப் போதும்னு இருந்துச்சா?"

"கேக்கலை."

"என்ன?"

"உன்ன நான் கேக்கலை" என்றார். அவரும் கத்தித்தான் சொன்னார். கண்ணிலிருந்து வழிந்தது. பாய்லரடியில் அது வியர்வையோடு போய்விடும்.

அவள் வீங்கின காலைத் தரையில் மாற்றி ஊன்றினாள். அந்தக் கால் இப்போது வீங்கித்தான் இருந்தது. நிற்கவும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் எதற்குப் பயந்தாரோ அது எல்லாம் வந்துவிட்டது. நெறியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை.

"அடுத்த தடவை டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க?"

அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"காது கேக்காதுன்னு சொல்லுங்க. அவகிட்டச் சொல்லுங்கன்னு சொல்லுங்க. சொல்லுங்க பார்ப்போம்."

"காது கேக்காது" என்றார். "அவகிட்டச் சொல்லுங்க."

"இன்னொரு தடவை."

"காது கேக்காது. அவகிட்டச் சொல்லுங்க."

"ஆவி இறங்குது பாருங்க" என்று அழுத்தமானியைக் காட்டிவிட்டு அவள் நொண்டிக்கொண்டு வெளியே நடந்தாள். மேஜைமேல் ஈரத்தோடு இரண்டு கறுப்புத் துண்டுகள் காத்திருந்தன. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார்.

"சரியாக்கா?"

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னொருத்தரையும் பார்க்கச் சொல்லு" என்றாள்.